பெடர் ரோடு ஏற்றத்துக்காகப் பதினைந்து வாரம்: மும்பை மாரத்தான் நாட்குறிப்பு

2024 அக்டோபர் 6, ஞாயிறு

மாரத்தான் நடக்கும் ஜனவரி 19க்கு இன்னும் 15 வாரம். காலணியைக் கட்டுவதற்கு முன்பே பாதையை மனப்பாடம் செய்துவிட வேண்டும். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் முன் புறப்பாடு. மரைன் டிரைவ், பெடர் ரோடு, ஹாஜி அலி, வொர்லி, கடல்மேல் பாலம் வழியாகப் பாந்த்ரா பக்கம். பிறகு மாஹிம், சிவாஜி பார்க் என்று இறங்கி, மறுபடி ஹாஜி அலி, பெடர் ரோடு, மரைன் டிரைவ், புறப்பட்ட இடம். பெடர் ரோடு இரண்டு தடவை வருகிறது என்பதுதான் விஷயம். போகும்போது அது மேடு என்றே உறைக்காது. திரும்பும்போது, 35ஆவது கிலோமீட்டரை ஒட்டி, தொடையில் ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில் எதிரே நிற்கும்.

சென்னையில் மேட்டுக்கு எங்கே போவது? பரங்கிமலைத் தார்ச்சாலை இருக்கிறது, மேம்பாலங்கள் இருக்கின்றன. புதன்தோறும் 8 கி.மீ. ஓடிக் கால் களைத்த பிறகு, 6 முதல் 8 ஏற்றம். களைப்பதற்கு முன் ஏறிப் பழகினால் பெடர் ரோட்டுக்கு அது உதவாது. இறக்கத்திலும் நடக்காமல் ஓடியே இறங்க வேண்டும். தொடைத் தசையை அதிகம் கிழிப்பது இறக்கம்தான். அதற்கும் பழக்கம் தேவை. மேம்பாலத்தில் ஒளிரும் பட்டை இல்லாமல் ஏறவே கூடாது.

2024 நவம்பர் 10, ஞாயிறு

24 கி.மீ. இன்று முக்கியமான வேலை, எடை பார்ப்பது. கிளம்பும் முன் துணியில்லாமல் ஒரு தடவை, வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு தடவை. ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர். குறைந்த எடையோடு வழியில் குடித்த தண்ணீரைக் கூட்டி, ஓடிய மணிக்கணக்கால் வகுத்தால் ஒரு மணி நேர வியர்வை கிடைக்கும். சென்னைப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். அத்தனையையும் ஓடிக்கொண்டே குடித்து ஈடுகட்டப் பார்க்கக் கூடாது. தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அது ஆபத்து: இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், குழப்பம் வரை போகும்.

ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் ஓடவும் சக்தி தரும் என்று பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனக் கலவையில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. உப்பை ஈடுகட்டும், ஓடச் சக்தி தராது. அதைக் குடித்துவிட்டு ஜெல்லை (ஓடும்போது விழுங்கும் சர்க்கரைக் கூழ்) தவிர்ப்பவர்கள் 30ஆவது கி.மீ.யில் நின்றுவிடுகிறார்கள்.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 28 கி.மீ. திட்டம் போயிற்று. தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன பள்ளம், என்ன மின்கம்பி என்று யாருக்குத் தெரியும்? விட்டுப்போன நீள ஓட்டத்தை வாரநாளில் திணிப்பது, அடுத்த ஞாயிற்றில் சேர்த்து ஓடுவது இரண்டுமே கெண்டைக்காலைக் கெடுக்கும். போனது போகட்டும், அடுத்த ஞாயிறு அதே 28.

2024 டிசம்பர் 29, ஞாயிறு

கடைசி நீள ஓட்டம், 32 கி.மீ. மூன்று வாரம் இருக்கிறது; இதற்குப் பிறகு ஓடும் நீளம் உடம்பில் சேராது, களைப்பாகவே தங்கும்.

இன்று ஜெல் ஒத்திகையும் சேர்ந்தது. கணக்கு இதுதான்: தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைக்க முடிந்த கிளைகோஜன் (உடம்பு சேமிக்கும் மாவுச்சத்து) சுமார் 400 முதல் 500 கிராம், அதாவது 2,000 கலோரிக்குள். கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவு. 65 கிலோ ஆளுக்கு 42 கி.மீ.க்கு 2,700 கலோரி ஆகும். கொஞ்சம் கொழுப்பும் எரியும் என்றாலும் பற்றாக்குறை 30, 32ஆவது கி.மீ.யில் தெரிந்துவிடும். அதனால் 40 நிமிடத்துக்கு ஒரு ஜெல், பசிக்கும் வரை காத்திராமல். வெறும் தண்ணீரோடு மட்டும். இனிப்புப் பானத்தோடு சேர்த்தால் வயிற்றில் சர்க்கரை அடர்ந்து புரட்டும்.

போட்டிக்கான காலணியும் இதே. 60 கி.மீ.யாவது ஓடியிருக்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுக்கும். மேலே உபரியாக இருக்கும் கடைசி ஓட்டையில் நாடாவை வளையமாக்கிக் கட்டினால் குதிகால் வழுக்காது.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சர்க்கரைப் பொங்கலை ஆசை தீரச் சாப்பிடலாம், ஆனால் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் நேரம் வெள்ளி, சனிதான். அந்த இரண்டு நாளும் கிலோவுக்கு 8 முதல் 10 கிராம். 60 கிலோ ஆளுக்கு 480 முதல் 600 கிராம் வரை. 100 கிராம் பச்சரிசியில் 78 கிராம் அளவு இருக்கிறது. சோறு, இட்லி, வாழைப்பழம், பழச்சாறு. நெய், முந்திரி, கீரை, பயறு குறைவாக. எடை ஒன்றிரண்டு கிலோ கூடும், பயப்பட வேண்டாம். ஒரு கிராம் கிளைகோஜனோடு மூன்று கிராம் அளவு தண்ணீரும் தங்கும்.

2025 ஜனவரி 18, சனி

பிப் (பனியனில் குத்தும் எண் அட்டை) வாங்கப் பாந்த்ரா-குர்லா வளாகம் போய் வந்தாயிற்று. அதைக் கொடுக்கும் கண்காட்சியில் மணிக்கணக்காக நிற்பதால் வீணாகும் கால்கள் எத்தனையோ! வாங்கியதும் கிளம்பிவிட வேண்டும்.

வேகக் கணக்கு: நாலரை மணி நேரத்தில் (4:30) முடிக்க கி.மீ.க்கு 6 நிமிடம் 24 நொடி (6:24) என்று அட்டவணை சொல்லும். வளைவுகளிலும் நெரிசலிலும் விலகி ஓடுவதால் கைக்கடிகாரம் கடைசியில் 42.2க்குப் பதில் 42.6 கி.மீ. காட்டும். ஆகவே கடிகாரத்தில் 6:20 வைத்தால்தான் 4:30 வரும். பலர் கடைசி நிமிடங்களில் இலக்கைத் தவறவிடுவது இந்த 400 மீட்டரில்தான்.

தொடை இடுக்கு, அக்குள், பனியன் தையல் படும் இடங்களில் வாசலின். ஆண்கள் மார்புக்காம்பில் பிளாஸ்டர். புதிதாக வாங்கிய எதையும் நாளை போடக் கூடாது. வலி மாத்திரையும் வேண்டாம். ஐபுபுரோஃபென் வகை, தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன் நாலு இட்லி சர்க்கரையோடு, ஒரு வாழைப்பழம். தேங்காய்ச் சட்னி கிடையாது. அதிகாலை உள்ளூர் ரயிலில் பெட்டி முழுக்க ஓட்டக்காரர்கள்.

இருட்டில் புறப்பாடு. முதல் 5 கி.மீ. இலக்கைவிட 10 நொடி மெதுவாக. மரைன் டிரைவின் தட்டையும் கடற்காற்றும் காலை இழுத்துக்கொண்டு போகும், இணங்கக் கூடாது. பெடர் ரோட்டின் முதல் ஏற்றத்தில் மூச்சைப் பார்த்து ஓட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து அல்ல.

கடல்மேல் பாலம் 5.6 கி.மீ. நடப்பவருக்கும் இருசக்கர வண்டிக்கும் மற்ற நாளில் அனுமதியில்லாத இடம். கைதட்ட ஆளில்லை. காலடி ஓசையும் காற்றும் மட்டும். அந்த அமைதியை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. எதிர்க்காற்று அடித்தால் நாலைந்து பேர் கொண்ட கூட்டத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஏழேகால் வாக்கில் சூரியன் எழுந்துவிடும். அதன்பின் தண்ணீர் மேசையில் இரண்டு குவளை: ஒன்று வாய்க்கு, ஒன்று பிடரிக்கு. காலணிக்குள் வடியாமல் குனிந்து ஊற்ற வேண்டும், நனைந்த காலுறை கொப்புளம் தரும். சிவாஜி பார்க் பக்கம் வீட்டுக்காரர்கள் ஆரஞ்சுச் சுளை, கடலைமிட்டாய், உப்பு என்று தட்டில் ஏந்தி நிற்கிறார்கள். வேறெந்த ஊரிலும் காணாத அன்பு. பழகாத வயிற்றுக்கு சுளையும் உப்பும் போதும்.

ஹாஜி அலி தாண்டியதும் அந்த ஏற்றம். அடியைச் சுருக்கி, கையை வேகமாக வீசி, பார்வையைப் பத்தடி முன்னால் வைத்து. கி.மீ.க்கு 30 நொடி போனாலும் போகட்டும். கெண்டைக்கால் சுருட்டினால் ஓரமாக நின்று 30 நொடி நீட்டிவிட வேண்டும். உப்புக் குறைவைவிடத் தசைக்களைப்பே பெரும்பாலும் காரணம். வலி ஸ்பிரே தோலைக் குளிர்விக்கும், அவ்வளவுதான். உச்சி தாண்டி கெம்ப்ஸ் கார்னர் இறக்கத்தில் தாவினால் தொடை இறுகிவிடும், அங்கும் சின்ன அடிதான்.

பிறகு நிழலில்லாத மரைன் டிரைவ். கோடு தாண்டியதும் உட்காரக் கூடாது. இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். பதினைந்து நிமிடம் நடை.

2025 ஜனவரி 21, செவ்வாய்

வலி இன்றும் நாளையும்தான் உச்சம். படி இறங்கப் பக்கவாட்டில் இறங்கினால் தொடைக்கு இதம். ஏழு நாள் ஓட்டம் இல்லை, நடை மட்டும். கறுத்த நகத்தை அப்படியே விட்டுவிடலாம், தானாக விழும்.