சுக்கினி சமைக்கத் தண்ணீரைக் கவனியுங்கள்

பார்க்க வெள்ளரிக்காய் போலிருக்கும் சுக்கினி பிடிக்காது என்று யாராவது சொன்னால், "கொழகொழவென்று இருந்ததா?" என்றுதான் முதலில் கேட்பேன். அநேகமாக ஆமாம் என்பார்கள். அந்தக் காயில் 95 சதவீதம் தண்ணீர்தான். வாணலி நிறையக் கொட்டி, தீயைக் குறைத்து, மூடியும் போட்டுவிட்டால் விட்ட தண்ணீரிலேயே வெந்து துவண்டுபோகும். எனக்கு மிகவும் பிடித்த காய் இப்படிப் பெயர் கெட்டுப்போவதில் வருத்தம் உண்டு.

வாங்கும்போது 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுள்ளதாகப் பாருங்கள். தோல் பளபளப்பாகவும் காய் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். அதைவிடப் பெரிதானால் விதை முற்றி நடுப்பகுதி பஞ்சாகிவிடும். பெரியதுதான் கிடைத்தது என்றால் நீளவாக்கில் பிளந்து, விதையைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டுச் சதையை மட்டும் சமைக்கலாம். இளங்காய்க்குத் தோல் சீவவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கழுவாதீர்கள். ஈரம் தங்கினால் சீக்கிரம் அழுகும். வாயைக் கட்டாத பையில் போட்டு, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் நாலைந்து நாள் நன்றாக இருக்கும். குளிர் அதிகமுள்ள இடத்தில் தள்ளிவிட்டால் தோலில் குழி விழும். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்திலும் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயுவால் காய் சீக்கிரம் கெடும்.

சரி, அடுப்புக்கு வருவோம். வதக்குவதற்கு அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, துணியில் ஒற்றி எடுங்கள். அகலமான வாணலி நன்றாகச் சூடானதும் எண்ணெய் விட்டு, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். இரண்டு மூன்று நிமிடம் கிளறவே கூடாது. காதைக் கொடுத்துக் கேளுங்கள்: சுர்ரென்ற சத்தம் தொடர்ந்தால் காய் வறுபடுகிறது. அது அடங்கிக் களகளவென்று கொதிக்கிற சத்தமாக மாறினால் தண்ணீர் விட்டுவிட்டது, தீயைக் கூட்டுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பிவிட்டு, இறக்கும்போது உப்புப் போட்டால் போதும். முன்பே போட்டால் உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும்.

அடை, வடை, முட்டைக் கலவைக்கெல்லாம் இதே உப்பை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். காயைத் துருவி, கொஞ்சம் உப்புப் பிசறி, கால் மணி நேரம் சல்லடையில் வையுங்கள். பிறகு மெல்லிய துணியில் மூட்டை கட்டி முறுக்கிப் பிழியுங்கள். முதலில் வெளிர்பச்சைத் தண்ணீர் ஓடிவரும், அப்புறம் சொட்டும், நின்றுவிட்டது என்று தோன்றும்போது இன்னொரு முறுக்கு முறுக்கினால் இன்னும் வரும். குவியலாக இருந்த துருவல் உருண்டையாகச் சுருங்கிவிடும். பிழிந்த தண்ணீரில் மாவு கரைக்கலாம். அதில் உப்பு இருப்பதால் மேற்கொண்டு போடுவதைக் குறையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நறுக்கியதும் நுனி நாக்கில் ஒரு துண்டை வைத்துப் பாருங்கள். கடுங்கசப்பாக இருந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அது குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருளின் கசப்பு. வேகவைத்தாலும் போகாது, வாந்தி பேதியில் கொண்டுவிடும்.

காய் மிஞ்சினால் துருவி, ஆவியில் ஓரிரு நிமிடம் காட்டி, ஆறியதும் ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பைகளில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். சூப்புக்கு உறைந்தபடியே போடலாம். அடைக்கு என்றால் உருகவிட்டு மறுபடி ஒருமுறை பிழிய வேண்டும்.