தள்ளிக்கொண்டு போன சைக்கிள்

இன்று மாலை காரைக்குடி செக்காலை சாலையில், சீருடை அணிந்த மாணவி ஒருத்தி, பின்னால் வந்த பேருந்தின் ஒலிக்கு அஞ்சி இறங்கி, பள்ளியில் கொடுத்த புதுச் சைக்கிளைச் சாக்கடை மூடிகளின்மேல் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

இருக்கையில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழியவில்லை.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தருகிறோம். அதை ஓட்ட, கோடு போட்டுப் பிரித்த ஐந்தடிப் பாதையைத் தருவதில்லை. இருக்கிற மண் ஓரத்தையும் நிறுத்திய கார்கள் (நான் நிறுத்திய நாள்களும் உண்டு) பிடித்துக்கொள்கின்றன.

பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். திருமயத்துச் சின்னம்மா அப்போது பழகியவர்தாம்.

இங்கு குடிவந்த பிறகு, அவர் தெருமுனையைத் தாண்டி ஓட்டியதில்லை.