எட்டாம் நம்பர் கூண்டு

நாகப்பட்டினத்தில் வளர்ந்த எனக்குத் துறைமுகம் என்றால் மீன் வாசனையும் புயல் கூண்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் "மூணாம் நம்பர் ஏத்திட்டாங்களாம்" என்று யாராவது சொல்லிவிட்டால், பள்ளிக்கூடம் லீவு விடுவார்களா என்பதைத் தவிர வேறு கவலை இருக்காது. ஹாங்காங்கில் ஒரு வாரம் ஊர் சுற்றப் போன இடத்திலும் கூண்டு வந்து வழிமறிக்கும் என்று நினைக்கவில்லை.

அண்ணன் மகன் அங்கே வேலை பார்க்கிறான். செப்டம்பரில் நானும் மனைவியும் கிளம்பினோம். இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா தேவையில்லை. ஆனால் முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்து, அந்தச் சீட்டை அச்செடுத்துக்கொண்டு போக வேண்டும். கவுலூன் பக்கம் சிம் ஷா சூயில் ஹோட்டல். அறைக்குள் பெட்டியைத் திறந்து வைத்தால் குளியலறைக் கதவு திறக்காது. யாராவது ஒருவர் கட்டிலில் ஏறிக்கொண்டால்தான் மற்றவர் நடமாட முடியும். பழகிவிட்டது.

முதல் நாள் சாயங்காலமே படகுத்துறைக்குக் கூட்டிப்போனான். பக்கத்தில் 44 மீட்டர் மணிக்கூண்டு ஒன்று தனியாக நிற்கிறது. அங்கே முன்பு ரயில் நிலையம் இருந்ததாம். அதை இடித்தபோது 1915ல் கட்டிய இந்த மணிக்கூண்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். எதிரே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் சென்ட்ரல் என்கிற வணிகப் பகுதியின் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் பச்சையும் வெள்ளையுமாக ஸ்டார் ஃபெர்ரி. 1888ல் இந்தச் சேவையைத் தொடங்கியவர் தொராப்ஜி நவுரோஜி மித்தாய்வாலா என்ற பார்சிக்காரர். பெயரிலேயே மிட்டாய் இருக்கிறது என்று மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

நாங்கள் போன சமயம் வார நாளில் மேல்தளத்துக்கு 5 ஹாங்காங் டாலர், நம் காசுக்குச் சுமார் ஐம்பத்தைந்து ரூபாய். பத்து நிமிஷத்துக்குள் அக்கரை. படகு திரும்புவதே இல்லை, இரண்டு முனையும் முன்பக்கம்தான். அதனால் இருக்கையின் சாய்மானத்தைத்தான் திருப்பிக்கொள்ள வேண்டும். ஏறுகிறவர்கள் போகிற போக்கில் அதை ஒரு தட்டுத் தட்டிப் புரட்டிவிட்டு உட்காருகிறார்கள். மரப்பலகையில் நட்சத்திர வடிவத்தில் துளைகள். கரை நெருங்கியதும் நீலச் சட்டைக்காரர் ஒருவர் கொக்கி வைத்த கம்பை நீட்டி, துறையிலிருந்து வரும் வடத்தைப் பிடித்து இழுத்து முளையில் சுற்றுகிறார். முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. இதற்காகவே மூன்று தடவை போய் வந்தோம்.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். பீக் டிராமில் மலை உச்சிக்குப் போனோம். வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் நின்று மேலே போனால் ஒரே மேகம், பக்கத்தில் நிற்பவரே மங்கலாகத்தான் தெரிந்தார். லண்டாவ் தீவில் 268 படி ஏறிப் பெரிய புத்தரைப் பார்த்தோம். 34 மீட்டர் வெண்கலச் சிலை. முட்டி வலியோடு பார்த்தாலும் அழகுதான். சென்ட்ரலில் மலைச்சரிவில் 800 மீட்டர் நீளத்துக்கு எஸ்கலேட்டர்கள் உண்டு. காலை பத்து மணி வரை கீழ்நோக்கி மட்டும் ஓடும், அதற்கப்புறம்தான் மேல்நோக்கி. நாங்கள் போய் நின்றது ஒன்பதரைக்கு. ஆபீஸ் போகிற கூட்டம் வழுக்கிக்கொண்டு இறங்க, நாங்கள் மட்டும் பக்கத்துப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறினோம்.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "சித்தப்பா, எங்க இருக்கீங்க? எட்டு ஏத்தப் போறாங்க. சித்தியைக் கூட்டிக்கிட்டு உடனே ரூமுக்குப் போயிடுங்க."

அங்கே எண்கள் 1, 3, அப்புறம் நேராக 8, 9, 10. நடுவில் உள்ளவை எங்கே என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு 5 முதல் 8 வரை நான்கு எண்களும் நான்கு திசைப் புயல்காற்றைக் குறித்தன. குழப்பம் வேண்டாமென்று 1973ல் எல்லாவற்றையும் எட்டாக்கிவிட்டார்கள். இப்போது கம்பத்தில் எதுவும் ஏற்றுவதில்லை, எல்லாம் போனிலும் டிவியிலும்தான். ஆனாலும் பேச்சில் இன்னும் எட்டைத் 'தொங்கவிடுகிறார்கள்'. மூன்றுக்கு மழலையர் பள்ளிக்கு லீவு. எட்டுக்கு ஊருக்கே லீவு.

எட்டு ஏற்றுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் முன்னறிவிப்பு தந்துவிடுகிறார்கள். அதற்குள் ஆபீஸெல்லாம் காலியாகிவிடும். மெட்ரோவில் நிற்க இடமில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அலமாரி சுத்தமாகத் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கடைகளில் கண்ணாடிக்குக் குறுக்கே டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. நம் ஊரில் கூண்டு ஏற்றிய அன்று கடற்கரைக்குப் போய் அலை பார்க்கிற கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

ராத்திரி முழுக்கக் காற்று ஊளையிட்டது. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து ஜன்னலில் அறைந்தது. கையிலிருந்த முறுக்கும் தட்டையும்தான் சாப்பாடு. பத்தொன்பதாவது மாடியில் கட்டடம் ஆடுகிறது என்று மனைவி சாதித்தாள். ஆடவே இல்லை என்று நான் சாதித்தேன். குளியலறைத் தொட்டியில் தண்ணீர் லேசாக அலம்பியதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மேல் எட்டை இறக்கினார்கள். அரை மணி நேரத்தில் ஊர் திரும்பி வந்துவிட்டது. தெருவில் முறிந்த கிளைகளைக் கட்டுக் கட்டாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சந்து முனையில் ஒரு சா சான் டெங் திறந்திருந்தது. காபி, டீ, நூடுல்ஸ் எல்லாம் கிடைக்கிற சாதாரணக் கடை. டீயை நீளத் துணிப்பையில் ஊற்றி வடிகட்டினார்கள், நம் டீக்கடைப் பையேதான். ஆனால் சுண்டக் காய்ச்சிய டின் பால் சேர்ப்பதால் கெட்டியாக இருக்கிறது. முந்தின நாள் பசிக்கு இரண்டு குடித்தேன்.

படகுத்துறைக்குப் போனோம். அவசரத்தில் தவறான வாசலில் நுழைந்து கீழ்த்தளத்துக்குப் போய்விட்டோம். எஞ்சின் உறுமல், டீசல் நெடி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். கலங்கிப் பழுப்பாகக் கிடந்தது, மேலே இலைகளும் ஒரு மூங்கில் கழியும் மிதந்தன. எங்கள் முன்னால் வந்த பாட்டி காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, சாய்மானத்தைத் தட்டிப் புரட்டினார். இன்னும் ஈரம் காயாத பலகையைக் கைக்குட்டையால் துடைத்தார். மனைவியைப் பார்த்ததும் பக்கத்துப் பலகையையும் துடைத்துவிட்டு, உட்காரச் சொல்லி இரண்டு தட்டுத் தட்டினார்.