காகிதம் இல்லாத காய்ச்சல்

பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, மான்செஸ்டரில் யாருக்கோ வந்த வயிற்றுப்போக்கு உண்மைதானா என்று பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததே இல்லை. "இன்சூரன்ஸ் கம்பெனியில இருக்கா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறார். பாதி சரி.

பிரிட்டனில் கச்சேரி, நாடகம், கால்பந்து, பஸ், விமானம் என்று எதற்கு ஆன்லைனில் டிக்கெட் எடுத்தாலும், பணம் கட்டும் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கட்டம் வரும். இன்னும் சில பவுண்டு கட்டினால், எதிர்பாராத காரணத்தால் போக முடியாவிட்டால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும் என்று அதில் போட்டிருக்கும். ரீஃபண்ட் ப்ரொடெக்‌ஷன் என்பார்கள். அதன்படி பணத்தைத் திரும்பக் கேட்டு வருகிற கிளெய்ம்களைச் சரிபார்ப்பதுதான் எங்கள் வேலை. இந்த ஏற்பாடு பெரும்பாலும் காப்பீட்டுப் பாலிசி இல்லை. டிக்கெட் விற்பவர் தன் விற்பனை விதிகளோடு சேர்த்துக் கொடுக்கும் ஒரு வாக்குறுதி, அவ்வளவுதான். அதனால் தகராறு வந்தால் காப்பீட்டுக்காரர்கள் மேல் புகார் கொடுக்கிற குறைதீர்ப்பு வழி பல சமயம் இதற்குக் கிடைக்காது. வாங்கியவர்களில் இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

இந்த வியாபாரம் எதனால் ஓடுகிறது என்று எனக்குப் புரிய நாளானது. அங்கே ஆன்லைனில் ஒரு சட்டை வாங்கினால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பிவிடலாம். குறிப்பிட்ட தேதியில் நடக்கும் நிகழ்ச்சியின் டிக்கெட்டுக்கும் பயணச்சீட்டுக்கும் அந்த உரிமை கிடையாது. பாட்டுக் கச்சேரிக்கு 90 பவுண்டு கட்டிவிட்டு அன்று காலை காய்ச்சலில் படுத்தால் 90 பவுண்டும் போச்சு. அந்தப் பயத்தைத்தான் கட்டத்தில் வைத்து விற்கிறார்கள். முன்பெல்லாம் சில தளங்களில் கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருப்பார்களாம். 2014 ஜூனில் வந்த நுகர்வோர் விதி அதைத் தடுத்துவிட்டது. இப்போது நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் 'வேண்டாம்' என்கிற பொத்தானுக்குப் பக்கத்தில் 'பணம் முழுவதும் போனாலும் பரவாயில்லை' என்கிற மாதிரி ஒரு வாசகம் இருக்கும். அதைப் படித்துவிட்டு யார் வேண்டாம் என்பார்கள்?

கோடையில் எங்கள் ஷிப்ட் மதியம் ஒன்றரைக்கு, அதாவது பிரிட்டனின் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். குளிர்காலத்துக்காக அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் இரண்டரைக்கு. வந்து உட்கார்ந்தால் வரிசையில் கிளெய்ம்கள் காத்திருக்கும். திங்கட்கிழமைதான் மோசம். வார இறுதியில் போகாமல் விட்ட நிகழ்ச்சிகள் எல்லாம் அன்றுதான் வந்து சேரும்.

அதில் பெரும்பங்கு உடம்பு சரியில்லை என்கிற வகை. இங்கேதான் சிக்கல். எங்கள் விதியில் 'மருத்துவரின் கடிதம்' என்று இருக்கும். நமக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியாது. தெருமுனை கிளினிக்கில் நூறு, இருநூறு கொடுத்தால் சீட்டு எழுதித் தருவார்கள். பிரிட்டனில் அப்படி இல்லை. ஏழு நாள் வரையிலான காய்ச்சலுக்கு வேலை செய்யும் இடத்திலேயே மருத்துவச் சான்று கேட்பதில்லை. ஊழியர் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டு நாள் காய்ச்சலுக்கு ஜிபி என்கிற குடும்ப மருத்துவரிடம் போனால், வீட்டிலேயே இருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றுதான் சொல்வார். கிளெய்முக்காக ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டால் அது அரசு மருத்துவச் சேவையில் சேராத தனி வேலை. அதற்குத் தனிக் கட்டணம். எத்தனையோ பேர் அந்த ரசீதையும் சேர்த்தே அனுப்புவார்கள். 40 பவுண்டு டிக்கெட்டைத் திரும்ப வாங்க 30 பவுண்டு கொடுத்து வாங்கிய கடிதம். அந்த 30 பவுண்டை நாங்கள் தருவதில்லை.

நான் சேர்ந்த புதிதில் பக்கத்து இருக்கையில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏட்டி, காய்ச்சலுக்கு டாக்டரே பாக்கமாட்டேங்காராம், நாம சீட்டு கேக்கோம். அந்தம்மா எங்க போவா?" இன்றுவரை எங்கள் வேலையைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

கால் உடைந்தவருக்குப் பிரச்சினை இல்லை. மருத்துவமனைக் கடிதம், எக்ஸ்ரே, எல்லாம் இருக்கும். திருட்டு என்றால் போலீஸ் ஒரு குற்றப் பதிவு எண் கொடுத்துவிடும். கார் வழியில் நின்றால் பழுதுபார்க்க வந்த நிறுவனம் அறிக்கை தரும். ஒற்றைத் தலைவலிக்கு என்ன காகிதம் கிடைக்கும்? கூட்டத்தைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்து, அரங்கத்தின் வாசல்வரை வந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியவரிடம் என்ன இருக்கும்? குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருவதாகச் சொன்ன பெண் கடைசி நேரத்தில் வராமல் போனதற்கு எங்கள் பட்டியலில் இடமே இல்லை. வளர்த்த நாய் செத்ததற்கும் இல்லை. நாய் செத்த கிளெய்ம்களை நிராகரிப்பது ஆரம்பத்தில் எனக்கு எளிதாக இருந்தது. அப்புறம் அந்த மெயில்களைப் படிக்கப் படிக்க எளிதாக இல்லை. பதினாலு வருடம் கூட இருந்த நாயைப் பற்றி எழுதிவிட்டு, தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கவும் என்று முடித்திருப்பார்கள்.

இப்படி நாங்கள் நிராகரித்த ஆட்களில் பெரும்பாலோர் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று நான் நம்புகிறேன். பொய் சொல்ல வருகிறவர் காகிதத்தோடுதான் வருவார். ஒரு மருத்துவமனைக் கடிதம் முத்திரை, கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக வந்தது. தேதிக்குப் பக்கத்தில் செவ்வாய் என்று இருந்தது. காலண்டரைப் பார்த்தால் அந்தத் தேதி ஞாயிறு. பழைய கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றியவர் கிழமையை விட்டுவிட்டார். சில கடிதங்களில் ஒரே ஒரு வரியின் எழுத்துரு மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கும். இதையெல்லாம் கண்டுபிடித்தால் மாத இறுதியில் பாராட்டு மெயில் வரும். உண்மைக் காய்ச்சலைக் கண்டுபிடித்தால் பாராட்ட யாரும் இல்லை, அதைக் கண்டுபிடிக்க வழியும் இல்லை.

விதி மாறும்போது எங்கள் அறிவும் கூடவே மாற வேண்டும். பிரிட்டனில் 2022 ஜூலை வரை வேலைக்கு வர முடியாது என்கிற சான்றில் மருத்துவர்தான் கையெழுத்துப் போட முடியும். அந்த மாதத்திலிருந்து செவிலியர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோரும் போடலாம் என்று ஆனது. புதிதாக வந்த பையன் ஒருவன் மருந்தாளுநர் கையெழுத்தைப் பார்த்து 'டாக்டர் கையெழுத்து இல்லை' என்று கிளெய்ம்களைத் திருப்பிக்கொண்டிருந்தான். மெடிக்கல் ஷாப்காரர் எழுதிக்கொடுத்தது என்று நினைத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கையேட்டில் அந்த மாற்றம் வந்து சேரவே இல்லை.

வானிலை இன்னொரு கதை. 2018 பிப்ரவரி இறுதியில் சைபீரியப் பக்கமிருந்து வந்த குளிர்காற்று பிரிட்டனைப் பனியில் மூடியது. வாசல் கதவு பாதிவரை பனியில் புதைந்த படங்கள் எங்களுக்கு வந்து குவிந்தன. பனியைக் கண்ணால் பார்த்திராத சோழிங்கநல்லூர்காரர்களும் தாம்பரம்காரர்களும் அந்தப் படங்களைப் பார்த்து, இந்தச் சாலையில் கார் போகுமா போகாதா என்று பேசிக்கொண்டிருந்தோம். படத்துக்கு விதியில் மதிப்பில்லை. பயணம் செய்ய வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லியிருக்க வேண்டும். அந்நாட்டு வானிலை மையம், கடுமை கூடக் கூட மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். ஸ்காட்லாந்தின் நடுப்பகுதிக்கும் மறுநாள் இங்கிலாந்தின் தென்மேற்குக்கும் சிவப்பு விழுந்தது. அங்கே இருந்தவர்களுக்குப் பணம் கொடுத்தோம். ஆம்பர் பகுதியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, ரயில் ரத்தானதற்கான சான்று இருந்தால் மட்டும் கொடுத்தோம். இதே பெருங்குடியில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து சாலைகள் ஏரியானபோது, நாங்கள் ஆபீசுக்கு வர முடியாததற்கு யாரும் எந்த நிறத்தில் எச்சரிக்கை என்று கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் தண்ணீர்ப் படம் ஒன்று போட்டோம், விடுப்பு வந்தது.

கொரோனா காலத்தில் கம்ப்யூட்டரை டெம்போவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். 2020 மார்ச் 23 அங்கே ஊரடங்கு அறிவிப்பு, 24 இரவு இங்கே. அப்போது வந்த கோபம் அதற்கு முன்போ பின்போ நான் பார்க்காதது. நிகழ்ச்சியை நடத்துபவர் ரத்து செய்தால் பணத்தை அவர்தான் திருப்ப வேண்டும். எங்கள் வாக்குறுதி, நிகழ்ச்சி நடந்து நீங்கள் போக முடியாவிட்டால்தான் செல்லும். பல அமைப்பாளர்கள் ரத்து என்று சொல்லாமல் 'தள்ளிவைப்பு' என்று சொல்லிவிட்டார்கள். உடனே பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை பாருங்கள். நடுவில் மாட்டிக்கொண்ட வாடிக்கையாளருக்கு இரண்டு வாசலும் சாத்தியிருந்தன. இரண்டாவது வாசலில் நின்று பதில் சொன்னவர்கள் நாங்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் பொதுமக்களுக்கு இலவசப் பரிசோதனை நின்றது. அதுவரை அரசிடமிருந்து வந்த எஸ்எம்எஸ் போதுமான சான்றாக இருந்தது. அதற்குப் பிறகு கடையில் வாங்கிய சோதனைக் கிட்டின் படம்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு தாளில் பெயரும் தேதியும் எழுதி வைத்துப் படமெடுக்கச் சொன்னோம். சிலர் அன்றைய செய்தித்தாளையே பக்கத்தில் வைத்து அனுப்பினார்கள்.

மரணம் சம்பந்தப்பட்ட கிளெய்ம்களைப் பழையவர்கள்தான் பார்க்க வேண்டும் என்று எங்கள் டீமில் ஒரு வழக்கம். இறப்புச் சான்றிதழ் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் விபத்தோ திடீர்ச் சாவோ என்றால் இங்கிலாந்தில் கரோனர் என்கிற அதிகாரியின் விசாரணைக்குப் போகும். அது முடியும்வரை இறப்புச் சான்றிதழ் வராது. மாதக்கணக்கில் ஆகலாம். இடைக்காலச் சான்று ஒன்றைக் கரோனர் கொடுப்பார். மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனாரிடம் எங்கள் சிஸ்டம், சான்றிதழ் வரவில்லை, இன்னும் ஒரு வாரத்தில் கிளெய்ம் மூடப்படும் என்று தானாகவே நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வரிகூடக் கோபமாக எழுதவில்லை. எங்கே வாங்குவது என்று மட்டும் கேட்டார். இடைக்காலச் சான்று போதும், கரோனர் அலுவலகத்தில் கேளுங்கள் என்று பதில் போட்டோம், இரண்டு நாளில் அவருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பதிலை ஆரம்பத்திலேயே அனுப்பியிருக்க முடியும்.

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு தமிழர். விமான டிக்கெட். யாழ்ப்பாணத்தில் பெரியம்மா இறந்துவிட்டார், அதனால் குடும்பத்தோடு ஸ்பெயின் போகவிருந்ததைக் கைவிட்டிருந்தார். கூடவே இறப்புச் சான்றிதழ், தமிழில். அந்த வரிசையில் வந்த ஆவணங்களிலேயே நான் ஒரு தடவை படித்ததும் முழுதாகப் புரிந்தது அதுதான். ஆனாலும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும் என்று அவருக்கு எழுதினேன், விதி அப்படி. அவர் பணம் செலவழித்து அதையும் அனுப்பினார். பிறகு இன்னொரு சிக்கல். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், மாமனார் மாமியார் என்று விதியில் ஒரு பட்டியல் உண்டு. பெரியம்மா அதில் இல்லை. சின்ன வயதில் அம்மா போன பிறகு தன்னை வளர்த்தவர் அவர்தான் என்று எழுதியிருந்தார். பட்டியலுக்கு வெளியே இருப்பதை விற்பனையாளரின் முடிவுக்கு விடலாம், விட்டோம். பாதிப் பணம் கொடுத்தார்கள். எந்தக் கணக்கில் பாதி என்று யாருக்கும் தெரியாது.

வாடிக்கையாளர்கள் எங்களுக்கு ஸ்டார் போடுவார்கள். ஐந்து அல்லது ஒன்று. நடுவில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஐந்து போட்டவரும் ஒன்று போட்டவரும் ஒரே நாளில், ஒரே ஆளிடமிருந்து பதில் பெற்றவர்களாக இருப்பார்கள். பணம் கொடுக்காமல் இருப்பதற்குத்தானே உங்களுக்குச் சம்பளம் என்று எழுதுவார்கள். எனக்கு அப்படி ஒரு இலக்கு யாரும் வைத்ததில்லை. ஒரு கிளெய்முக்கு எத்தனை நிமிடம் என்பதுதான் இலக்கு. நிராகரிப்பு அதில்தான் ஒளிந்திருக்கிறது. இல்லாத காகிதத்துக்கு மாற்று என்ன என்று யோசிக்கவும் விளக்கி எழுதவும் நேரமாகும். 'போதிய ஆவணம் இல்லை' என்ற ஆயத்த வாசகத்தை அழுத்த ஒரு நொடி.

போன வருடம் அந்த ஆயத்தக் கடிதத்தை மாற்ற அனுமதி கிடைத்தது. இப்போது ஏழு வரி இருக்கிறது. எந்த ஆவணம், யாரிடம் கேட்பது, கட்டணம் ஆகலாம், ஜிபி தரமாட்டேன் என்றால் அவரோடு பேசியதற்கான பதிவையோ மருந்துச் சீட்டையோ அனுப்பலாம், கரோனர் விசாரணை என்றால் இடைக்காலச் சான்று போதும். இது வந்த பிறகு திரும்பத் திரும்ப வரும் மெயில்கள் குறைந்திருப்பது எங்கள் வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. இதே ஏழு வரியைப் பணம் கட்டும் பக்கத்தில் அந்தக் கட்டத்துக்குக் கீழேயும் போடலாமே என்று எழுதிக் கேட்டோம். அங்கே போட்டால் விற்பனை குறையும் என்று பதில் வந்தது.