ஹெச்1பி வேலை விசால கம்பெனி மாறுன வருஷம் டாக்ஸ் ஃபைல் பண்றவங்களுக்கு

அமெரிக்கால வருஷ நடுவுல விசா ட்ரான்ஸ்ஃபர் பண்ணி கம்பெனி மாறுன நம்மாளுங்க நெறைய பேரு, ரெண்டு டபிள்யூ-2வையும் (வருஷ சம்பளமும் புடிச்ச வரியும் போட்டு கம்பெனி குடுக்கற ஃபார்ம்) சாஃப்ட்வேர்ல ஏத்திட்டு ரீஃபண்ட் எவ்ளோன்னு மட்டும் பாத்துட்டு சப்மிட் அமுக்கிடறாங்க. அப்படி அவசரப்படாதீங்க ப்ளீஸ். பழைய கம்பெனி என்ன புடிச்சதுன்னு புதுசுக்குத் தெரியாது, புதுசு புடிக்கறது பழசுக்குத் தெரியாது, ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கப்போற ஒரே ஆளு நீங்கதான்.

மொதல்ல டபிள்யூ-2ல பாக்ஸ் 4, அதான் சோஷியல் செக்யூரிட்டி, அரசாங்க பென்ஷனுக்குப் புடிக்கற வரி. சம்பளத்துல 6.2 சதவீதம் போகும், ஆனா எவ்ளோ சம்பளம் வரைக்கும் புடிக்கலாம்னு வருஷ உச்சவரம்பு இருக்கு, 2024க்கு 1,68,600 டாலர். கம்பெனி மாறுனா புது பேரோல்ல இந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்துலேர்ந்து ஓடும். பழைய எடத்துல 1,20,000, புது எடத்துல 80,000 வாங்கியிருந்தீங்கன்னா 7,440, 4,960ன்னு மொத்தம் 12,400 போயிருக்கும், கட்ட வேண்டியதோ 10,453.20 தான். மிச்சம் 1,946.80 உங்க காசு, ரிட்டர்னோட சேர்ற ஷெட்யூல் 3 ஃபார்ம்ல க்ரெடிட்டா வந்திருக்கான்னு கண்ணால பாருங்க. ஜாயிண்ட்டா ஃபைல் பண்ணாலும் இந்த லிமிட் புருஷனுக்குத் தனி பொண்டாட்டிக்குத் தனி, ரெண்டு பேர் சம்பளத்தையும் சேத்துப் போட்டுக் கணக்கு பாக்காதீங்க. ஒரே கம்பெனியே அதிகமா புடிச்சிருந்தா மட்டும் இந்த வழி கெடையாது, அவங்ககிட்டயே கேட்டுத்தான் வாங்கணும்.

அடுத்து பாக்ஸ் 12ல டி-ன்னு போட்டு ஒரு தொகை இருக்கும், அது 401கே, கம்பெனி மூலமா நீங்க போடற ரிட்டயர்மென்ட் சேமிப்பு. இங்கதான் எனக்கு நெஜமாவே கவலை, ஏன்னா இது தானா சரியாகாது. 2024 லிமிட் 23,000, 50 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு. அது கம்பெனிக்கு இல்ல, ஆளுக்கு. பழசுல 16,000, புதுசுல 9,500 போட்டிருந்தா 2,500 கூடிப்போச்சு. ஏப்ரல் 15க்குள்ள ஏதாவது ஒரு ப்ளான்காரங்களைக் கூப்ட்டு அதிகமா போன காசையும் அது சம்பாதிச்சதையும் வெளிய எடுக்கச் சொல்லணும். ஃபைல் பண்ண எக்ஸ்டென்ஷன் போட்டாலும் இந்தத் தேதி தள்ளிப்போகாது. விட்டுட்டீங்கன்னா அதே 2,500க்கு போட்ட வருஷமும் டாக்ஸ், பின்னாடி எடுக்கறப்பவும் டாக்ஸ். புதுசா சேர்றவங்க, அது வரைக்கும் எவ்ளோ போட்டிருக்கீங்கன்னு மொத வாரமே பேரோல்ல சொல்லிடுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க.

ஜாயினிங் போனஸ் வாங்குனவங்க, அதுல ஃபெடரலுக்குப் பெரும்பாலும் 22 சதவீதம்தான் புடிப்பாங்க, உங்க ஸ்லாப் 24ஓ 32ஓன்னா மீதிய நீங்க கட்டணும். நியூஜெர்சிலேர்ந்து டெக்சாஸ் போனவங்க, டெக்சாஸ்ல ஸ்டேட் டாக்ஸ் இல்லைன்னு நிம்மதியா உக்காந்துடாதீங்க, நியூஜெர்சில இருந்த மாசங்களுக்கு அங்க பார்ட்-இயர் ரிட்டர்ன் போட்டே ஆகணும். இந்தியால இருக்கற எல்லா அக்கவுண்ட்டும் சேந்து வருஷத்துல எப்பயாவது 10,000 டாலர் தாண்டியிருந்தா எஃப்பார்னு வெளிநாட்டு அக்கவுண்ட் விவரம் குடுக்கற ஃபார்ம் தனியா போடணும். என்ஆர்ஈ (வெளிநாட்டுல இருக்கற இந்தியர்கள் ஊர்ல வச்சிருக்கற அக்கவுண்ட்) வட்டிக்கு ஊர்ல டாக்ஸ் இல்ல, இங்க உண்டு.

வேலைய விட்டதும் பழைய போர்ட்டல் லாகின் மூடிடலாம், அதனால கெளம்பறதுக்கு முன்னாடியே கடைசி பே ஸ்டப்ப (சம்பள ரசீது) டவுன்லோட் பண்ணி வச்சுக்கிட்டு வீட்டு அட்ரஸயும் மாத்திக் குடுத்துடுங்க. டபிள்யூ-2 ஜனவரி 31க்குள்ள அனுப்பணும், ஃபிப்ரவரி முடிஞ்சும் வரலன்னா ஐஆர்எஸ்ஸுக்கு (அமெரிக்க வரித்துறை) ஃபோன் போடுங்க, அப்பவும் கைக்கு வரலைன்னா அந்த பே ஸ்டப்ப வச்சுத்தான் டபிள்யூ-2க்குப் பதிலா ஃபார்ம் 4852 நிரப்பணும்.