98 என்றால் தெரியாது

காதில் ஹெட்செட், எதிரே திரை, திரையில் ஒரு கேள்வி. கேள்விக்குக் கீழே பதில்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 1 முழுமையாக ஏற்கிறேன், 2 ஓரளவு ஏற்கிறேன், 3 ஓரளவு ஏற்கவில்லை, 4 அறவே ஏற்கவில்லை. இவற்றில் எதிலும் சேராதவர்களுக்காக 97 மற்றவை, 98 தெரியாது, 99 சொல்ல விருப்பமில்லை. கருத்துக்கணிப்பு நடத்தும் நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் தொலைபேசியில் கேள்வி கேட்டேன். வேலையை விட்டு வெகுகாலம் ஆன பிறகும் யாராவது எதையாவது கேட்டால் முதலில் நாக்கு நுனிக்கு வருவது 98தான்.

முதல் நாள் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றே ஒன்று. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படி. விளக்காதே, சுருக்காதே, உன் கருத்தைக் காட்டாதே. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் பயிற்சி கொடுத்த அக்கா என்னைக் கூப்பிட்டு, நான் பேசிய அழைப்பு ஒன்றைப் போட்டுக் காட்டினார். எதிர்முனையில் இருந்தவர் தலைவரைத் திட்டும்போது நான் “ம்ம்ம்...” என்று இழுத்திருக்கிறேன். அவரே அதே தலைவர் செய்த ஏதோ ஒன்றைப் பாராட்டியபோது “ம்” என்று வெட்டியிருக்கிறேன். எனக்கே தெரியாது. அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீ ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா அவருக்குப் புரிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் அவர் பாராட்டவே இல்லை, கேட்டியா?” மறுபடி போட்டுக் கேட்டேன். உண்மைதான். அந்த “ம்”முக்குப் பிறகு எல்லாமே 3, 4.

மாதாமாதம் நாங்கள் நடத்திய கணிப்பில் மூன்று பகுதிகள் இருந்தன. தலைவர்கள், வாழ்க்கைச் செலவு, தொழில்களை வெளிநாட்டவர் வாங்குவது. ஒருவரிடம் மூன்றையும் கேட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். மேலிருந்து பார்த்தால் மூன்றும் தனித்தனி விஷயங்கள், அறிக்கையிலும் தனித்தனி அத்தியாயங்கள். காதில் கேட்டவளுக்கு அப்படி இல்லை. மூன்று கேள்விக்கும் மக்கள் ஒரே பதிலைத்தான் வேறுவேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றே எனக்குப் பட்டது.

தலைவரைப் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தம் பணியைச் செய்யும் விதத்தை நீங்கள் ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா? அமெரிக்காவில் கேலப் நிறுவனம் 1930களின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் கேட்டுவந்த கேள்வி இது, உலகம் முழுக்க இதன் பேரப்பிள்ளைகள் இருக்கின்றன. வளைகுடாப் போர் முடிந்த கையோடு, 1991 தொடக்கத்தில், ஜார்ஜ் புஷ்ஷை (அப்பா புஷ்) ஏற்றவர்கள் 89 சதவீதம். அடுத்த ஆண்டு நடுவில் அதே கேள்விக்கு 29. இடையில் அந்த மனிதர் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. பொருளாதாரம் படுத்திருந்தது, 1992 ஜூனில் வேலையின்மை 7.8 சதவீதத்தைத் தொட்டது. போர் முடிந்த நேரத்தில் கேட்டால் போரைப் பற்றிய பதில் வருகிறது, வேலை போன நேரத்தில் கேட்டால் வேலையைப் பற்றிய பதில் வருகிறது. தலைவரின் பெயர் கேள்வியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

விலைவாசிப் பகுதிக்கு வந்தால் குரல் மாறும். அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர்கள் இங்கே மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பிப்பார்கள். எங்களுக்குத் தேவை ஓர் எண், அவர்கள் தருவது ஒரு கதை. கதைக்கு நடுவே குறுக்கிடுவதற்குத் தனியாக ஒரு சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது கடைசிவரை வரவில்லை, அதனால் என் அழைப்புகள் எப்போதும் நீளம். ஒருமுறை பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தி வந்த வாரத்தில் ஒருவர் என்னிடமே கேட்டார்: “குறைஞ்சுதுன்னா குறைஞ்சிருக்கணுமில்லம்மா?” வண்டியின் வேகம் குறைந்திருக்கிறது, வண்டி பின்னால் வரவில்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. விளக்கம் சொல்லக் கூடாது. கேள்வியை மறுபடி படித்தேன். அவர் 4 போடச் சொன்னார்.

புள்ளிவிவரம் சொல்லும் விலைக்கும் மனசு சொல்லும் விலைக்கும் உள்ள தூரத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மனி. 2002 ஜனவரியில் யூரோ நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. யூரோ வந்ததும் எல்லாம் விலை ஏறிவிட்டது என்று மக்கள் கொதித்தார்கள். விலை உயர்ந்தது என்பதற்கான ஜெர்மன் சொல்லையும் யூரோவையும் ஒட்டவைத்து ‘டோய்ரோ’ என்று பெயர் வைத்தார்கள், அந்த ஆண்டின் சொல்லாகவே அது தேர்வானது. ஆனால் அந்த ஆண்டு முழுக்கச் சேர்த்து அங்கே பதிவான பணவீக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே. மக்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அடிக்கடி வாங்கும் சின்னச் சின்னச் சாமான்கள் ஏறின. எப்போதாவது வாங்கும் பெரிய சாமான்கள் ஏறவில்லை, சில இறங்கவும் செய்தன. பணவீக்கத்தைக் கணக்கிடும் விலைக் குறியீட்டு எண், செலவழித்த தொகையை வைத்து எடை போடுகிறது. மனசு, எத்தனை தடவை பர்ஸைத் திறந்தோம் என்பதை வைத்து எடை போடுகிறது. இறங்கிய விலையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதும் இல்லை. ஆறு ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் ஒரு சாமான் மலிவாகிவிட்டதென்று கதை சொன்னதில்லை.

இனி ஒரு ரகசியம். எங்கள் கணிப்பில் விலைவாசிப் பகுதி முதலிலா, தலைவர் பகுதி முதலிலா என்பதற்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. பணம் கொடுத்த வாடிக்கையாளர் விலைவாசியை முதலில் வைக்கச் சொன்னார். முதலில் ஒருவரை வீட்டுச் செலவை நினைத்து நினைத்துக் குமுறவிட்டு, அப்புறம் “சரி, தலைவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் என்ன வரும்? அந்த மாதம் நான் கேட்டவரை அதுதான் வந்தது. வினாத்தாள் தயாரித்தவர் எதிர்த்தார், தோற்றார். அறிக்கையில் கேள்வி வரிசை பற்றி ஒரு வரி இல்லை.

இந்த வரிசை விவகாரம் புதிதல்ல. 1948இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கம்யூனிஸ்ட் நாட்டுச் செய்தியாளர்களை அமெரிக்காவுக்குள் வரவிட்டு, பார்த்ததை எழுதி அனுப்ப விடலாமா? இதை முதல் கேள்வியாகக் கேட்டபோது சரி என்றவர்கள் ஏறத்தாழ 37 சதவீதம். இன்னொரு பாதிப்பேரிடம் முதலில் வேறொன்றைக் கேட்டார்கள்: அமெரிக்கச் செய்தியாளர்களை ரஷ்யா உள்ளே விட வேண்டுமா? விட வேண்டும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அப்புறம் அதே பழைய கேள்வி. இப்போது சரி என்றவர்கள் 73 சதவீதம். கேள்வியில் ஓர் எழுத்து மாறவில்லை. நம்மாட்களை அவர்கள் விட வேண்டும் என்று சொன்ன வாயால், அவர்களை நாம் விடக் கூடாது என்று சொல்லக் கூச்சம்.

இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் மூன்றாவது பகுதி என்னை உறுத்த ஆரம்பித்தது. உள்நாட்டு நிறுவனங்களை வெளிநாட்டவர் வாங்க அனுமதிக்கலாமா? நம் நிறுவனங்கள் வெளிநாட்டில் போய் வாங்குவது சரியா என்ற கேள்வி எங்கள் வினாத்தாளிலேயே இல்லை. சேர்க்கலாமே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். “கேள்வி கேட்கத்தான் உனக்குச் சம்பளம், கேள்வி எழுத இல்லை” என்றார் சூப்பர்வைசர். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

அந்தக் கேள்விக்கு எதிர்முனையில் பாதிப்பேர் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: “எந்த நாட்டுக்காரன்?” திரையில் அதற்கு விடை கிடையாது. “உங்கள் பொதுவான கருத்தைச் சொல்லுங்கள்” என்று படிக்க வேண்டும். பொதுவான வெளிநாட்டவர் என்று ஒருவர் உலகத்தில் எங்கே இருக்கிறார்? 1989இல் ஜப்பானின் மிட்சுபிஷி எஸ்டேட், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தை வைத்திருந்த குழுமத்தில் பெரும்பங்கை வாங்கியது. அதே ஆண்டு சோனி, கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியது. நாடே போகிறது என்று அமெரிக்காவில் ஒரே கூச்சல். அப்போது அங்கே ஜப்பானியரைவிட அதிகம் முதலீடு செய்திருந்தவர்கள் பிரிட்டிஷார், அவர்களைப் பற்றி அவ்வளவு மூச்சு இல்லை. 2006இல் இன்னும் வேடிக்கை. சில அமெரிக்கத் துறைமுக முனையங்களைப் பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் நடத்திவந்தது. அதைத் துபாயின் டிபி வேர்ல்ட் வாங்கியதும் நாடாளுமன்றம் வரை கொந்தளித்தது, கடைசியில் அந்த முனையங்களை டிபி வேர்ல்ட் விற்றுவிட வேண்டியதாயிற்று. நேற்றுவரையிலும் அவை வெளிநாட்டவர் கையில்தான் இருந்தன. எந்த நாட்டுக்காரன் என்று என்னிடம் கேட்டவர்கள் கேள்வி எழுதியவரைவிடத் தெளிவாகத்தான் இருந்தார்கள்.

ஒருவர் 4 போடுங்கள் என்று அழுத்தமாகச் சொன்னார். இறுதியில் அவருடைய வேலை பற்றிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் பதினோரு வருடமாக இருக்கிறார். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அவரே சொன்னார்: “சம்பளம் தேதி தவறாம வருது. அதெல்லாம் சரி. ஆனா ஒருநாள் மூடணும்னா எங்கேயோ உட்கார்ந்து ஒருத்தன் மூடிடுவான். அவன் முகத்தைக்கூட நாங்க பார்த்ததில்லை.” அதே மூச்சில், “அந்தத் தலைவரை மட்டும் பார்த்திருக்கோமா என்ன” என்று சிரித்தார். பதிவானது 4. முன்பே அவர் தலைவருக்குக் கொடுத்ததும் 4.

98 பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமில்லை. மாதக் கடைசியில் பட்டியல் வரும், யாருக்கு எத்தனை 98 என்று. 98 அதிகம் வாங்குபவர் சோம்பேறி என்று அர்த்தம். அதனால் ‘தெரியாது’ என்று வந்ததும் மூன்று விநாடி பேசாமல் இருக்கப் பழகினோம். தொலைபேசியில் மூன்று விநாடி மௌனம் என்பது பெரிய நெருக்கடி, பெரும்பாலோர் அதைத் தாங்க மாட்டாமல் ஏதாவது சொல்லிவிடுவார்கள். அப்படியும் வரவில்லை என்றால், “ஓரளவுக்காவது எந்தப் பக்கம் சாய்வீர்கள்?” 1978இல் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டத்தை ரத்து செய்யலாமா என்று மக்களிடம் கேட்டதைப் பின்னர் படித்தேன். அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கருத்துச் சொன்னார். பெட்டிகளை நிரப்ப அவர்களையும் யாரோ மூன்று விநாடி காத்திருந்து நெருக்கியிருப்பார்கள் என்று தோன்றியது.

நானும் நெருக்கினேன். குரலில் வயது தெரிந்த ஓர் அம்மா, வெளிநாட்டு முதலாளிகள் பற்றிய கேள்விக்கு மூன்று முறை தெரியாது என்றார். எனக்கு ஷிப்ட் முடிய இன்னும் இரண்டு பேர் வேண்டும். மறுபடி கேட்டேன். “நீயே ஒண்ணு போட்டுக்கோ கண்ணு” என்றார். 3 போட்டேன். ஆயிரம் பேரை முறையாகப் பொறுக்கி எடுத்தால் முடிவு மூன்று சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று அறிக்கையின் அடியில் அச்சிடுவோம். அந்த மூன்றில் அந்த அம்மாவின் 3 அடங்காது.

இதெல்லாம் போனை எடுப்பவர்களிடம் மட்டும். எடுக்காதவர்கள் தனி உலகம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தொலைபேசியில் கூப்பிட்டால் 1997இல் 36 சதவீதம் பதில் கிடைத்தது, 2018இல் 6. எங்கள் நிலைமையும் அந்த வழியில்தான் போனது. கடைசிக் காலத்தில் நாள் முழுக்கக் கேட்டதே பாதியில் வெட்டப்பட்ட “ஹலோ”க்கள்தான்.

நான் இருந்த கடைசி மாதம் ஒரு திறந்த கேள்வி சேர்த்தார்கள். நாட்டின் பெரிய நிறுவனங்களை வெளிநாட்டவர் வாங்குவது பற்றி உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள். பதிலை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். பெரும்பாலோர் முன்பே சொன்ன 4ஐ நீட்டிச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். நான் மூன்று விநாடி எண்ணவில்லை, அவர் போக்கில் விட்டேன். அப்புறம் நிதானமாகச் சொன்னார்: “வாங்குறவன் எந்த ஊர்க்காரன்னு எல்லாரும் கேக்குறீங்க. நான் கேக்குறது வேறம்மா. விக்கிறவன் யாரு, அவனுக்கு அந்த நேரத்துல பணம் எதுக்குத் தேவைப்பட்டுது, அதுக்கு யாரு கையெழுத்துப் போட்டா?”

வேகமாகத் தட்டினேன். பெட்டிக்கு எழுத்து வரம்பு இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. ‘விக்கிறவன் யாரு’ வரைதான் ஏறியது, மீதியைத் திரை வாங்கவில்லை. முன்பாதியை அழித்துவிட்டுப் பின்பாதியை அடிக்கலாமா என்று பார்த்தேன், அது விதிக்கு மாறானது. எழுதியது எழுதியபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த கட்டத்தில் 97 போட்டேன்.