நான்கு வாசல் அட்டைக் கூடாரம்

ஆபிரகாமின் கூடாரத்துக்கு நான்கு பக்கமும் வாசல் உண்டு, எந்தத் திசையிலிருந்து வந்தாலும் விருந்தாளி சுற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை என்று யூத மரபில் சொல்வதுண்டு. யூத நாட்காட்டியின் ஹெஷ்வான் மாதத்தில், ஆபிரகாம் விருந்தாளிகளை உபசரித்த கதை வரும் 'வயேரா' என்ற வேதப் பகுதி வாசிக்கப்படும் வாரம், யூத பாலர் பள்ளிக்குத் தாத்தா பாட்டிகளை அழைக்கப் பொருத்தமான வாரம். அன்றைக்குக் குழந்தைகளோடு அட்டைப்பெட்டியில் இந்தக் கூடாரத்தைச் செய்யலாம். வெட்டுவதும் ஒட்டுவதும், வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளான சப்பாத்தில் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே வேலை முடிந்துவிட வேண்டும்.

நான்கு குழந்தைகளுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியின் அட்டை போதும். முதலில் ஸ்டேப்ளர் பின்களையெல்லாம் பிடுங்கிவிடுங்கள். உயரம் 140 செ.மீ. இருக்கும்படி வெட்டி, மேலே நான்கு மூலைகளிலும் 20 செ.மீ. கீறி, அந்தப் பட்டைகளை உள்பக்கமாக மடித்து ஒட்டினால் விளிம்பு இரட்டை அட்டையாகி விறைப்பாக நிற்கும். நிற்கும் பெட்டியில் அட்டையின் நெளிவுகள் மேலிருந்து கீழாக ஓடும். குறுக்கே மடித்தால் அட்டை கண்ட இடத்தில் நசுங்கும் என்பதால், அளவுகோலை வைத்து ஸ்பூனின் பின்புறத்தால் அழுத்திக் கோடு போட்ட பிறகே மடிக்க வேண்டும். கதவின் கீல் நெளிவோடு சேர்ந்தே போவதால் சுலபமாக மடியும், அதே சுலபத்தில் கிழியவும் செய்யும். உள்ளும் புறமும் டேப் ஒட்டுங்கள்.

பெட்டி சரிவது பெரும்பாலும் வாசலை அகலமாக வெட்டிவிடுவதால்தான். பக்கம் 75 செ.மீ. என்றால் வாசல் 45க்கு மேல் வேண்டாம். அப்போது மூலைக்கு மூலை இரு பக்கமும் 15 செ.மீ. மிஞ்சும், அதுதான் தூண். வாசல் உயரம் 80 செ.மீ. போதும். அடிப்பாகத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், நான்கு தூண்களும் விரியாமல் பிடித்திருப்பது அதுதான். கட்டர் வேலை முழுவதையும் முந்தைய நாளே பெரியவர்கள் முடித்துவிட வேண்டும். வண்ணம் பூசும் இடத்தில் பேப்பர் டேப் ஒட்டுங்கள், பிளாஸ்டிக் டேப்பில் வண்ணம் நிற்காது.

ஆதியாகமம் 18இல் ஆபிரகாம் விருந்தாளிகளின் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். குழந்தைகளும் தண்ணீர் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அட்டையின் அடுக்குகளை ஒட்டியிருப்பது மாவுப்பசை, நனைந்தால் பிரிந்துவிடும். காலி பேசினில் நீலத் துணியைப் போட்டுக் கொடுத்தால் அதுவே தண்ணீர். சாரா பிசைந்த அப்பத்துக்கு, வாசல் வெட்டியதில் மிஞ்சிய அட்டையை வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். நிஜத் தின்பண்டம் பள்ளியின் கோஷெர் (யூத உணவு விதிப்படியான) சமையலறையிலிருந்து மட்டும் வரட்டும், வீட்டிலிருந்து எதுவும் வேண்டாம் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

இனி விருந்தாளிகள். பேரன் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கித் தானே பூச ஆரம்பித்துவிடுவார் தாத்தா. ஆசையில் செய்வதுதான், ஆனால் ஐந்தே நிமிடத்தில் குழந்தை ஒதுங்கி நிற்கும். இதற்கு எங்கள் வழி, ஆளை மாற்றிவிடுவது: யாரும் தன் சொந்த சபாவையோ (தாத்தா) சவ்தாவையோ (பாட்டி) வரவேற்கக் கூடாது, அடுத்த குழந்தையின் தாத்தா பாட்டியைத்தான் வரவேற்க வேண்டும். ஆபிரகாம் ஓடிப்போய் அழைத்த மூவரும் அவருக்கு முன்பின் தெரியாதவர்கள்தானே! ஹக்நசத் ஓர்கிம் என்கிற விருந்தோம்பலுக்கு அழகே அதில்தான் இருக்கிறது. வெளியூரில் தாத்தா பாட்டி உள்ள குழந்தைக்கும் இதில் குறையே தெரியாது, அதற்கும் வரவேற்க ஓர் ஆள் இருப்பார்.

மூட்டு வலி உள்ளவர்களைக் குனிந்து உள்ளே நுழையச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு வாசலுக்கு வெளியேயும் ஒரு நாற்காலி போடுங்கள். குழந்தை உள்ளிருந்து கதவைத் தள்ளித் திறந்து, எட்டிப் பார்த்து, "வாங்க, உட்காருங்க" என்று சொல்லி அட்டை அப்பத்தை இரண்டு கையாலும் நீட்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும்படி இருக்க வேண்டும், வெளியிலிருந்து பூட்டும் கொக்கி எதுவும் இருக்கவே கூடாது.

பெட்டியை அன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை கீல்கள் தொங்கியிருக்கும். புது டேப் ஒட்டினால் இன்னொரு வாரம் தாங்கும்.